இடைவேளை வரட்டும் என்று இருந்தேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினோரு வருஷமாக யோசித்தேன். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கிழித்து அடுப்பில் போட்டேன். என் மனைவி இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவள், அதுதான் பயம். அந்தப் பயம் இப்போதும் போகவில்லை. ஆனால் சொல்லாமல் வைத்திருப்பது அதைவிடப் பாரமாகிவிட்டது. நான் ஒன்பதாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. வீடு மாதனூர் பக்கம். வாரத்தில் ஆறு நாள் தோல் நாற்றம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசனை சோப்பு போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு மனைவி, மகளோடு ஆராதனைக்குப் போவேன். எங்களுடையது சின்ன சபை, கட்டுப்பாடு ஜாஸ்தி. சினிமா கூடவே கூடாது. வீட்டில் டிவி வாங்கினால் பாஸ்டர் தேடி வந்துவிடுவார். நானோ கல்யாணத்துக்கு முன்னால் வாரத்துக்கு இரண்டு படம் பார்த்தவன். மனந்திரும்பினபோது சபை நடுவில் நின்று, இனி தியேட்டர் படி மிதிக்க மாட்டேன் என்று சாட்சி சொன்னேன். நாலு வருஷம் மிதிக்கவும் இல்லை.

அப்புறம் எப்படியோ மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டே தோல் வெட்டுகிறவனுக்கு அந்த ஊரில் வேறு என்ன போக்கிடம் இருந்தது? கடைத்தெருவில் பிரியாணி சாப்பிடலாம், இல்லாவிட்டால் தியேட்டரில் இருட்டில் உட்காரலாம். மூன்று மணி நேரம் சூப்பர்வைசர் முகம் மறந்துபோகும். இதெல்லாம் சாக்குதான், தெரியும்.

எங்கள் சபையார் சில ஞாயிறு மதியம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டில் நோயாளிகளுக்காக ஜெபிப்பது வழக்கம். அவர்கள் போகாத ஞாயிறாகப் பார்த்து, நானும் மாசத்துக்கு ஒரு தடவை தனியாக அங்கே போவதாகச் சொல்லிக் கிளம்புவேன். பைக்குள் வேதப் புத்தகம் இருக்கும். வேலூர் பஸ்ஸுக்கு நிற்காமல், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று ஆம்பூர் பஸ் ஏறுவேன். சில மாதம் நிஜமாகவே ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த விஷயம் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்த பாய். அவர் வீடு தியேட்டருக்கு இரண்டு தெரு தள்ளி. “அல்லா கிட்டயும் மறைக்க முடியாது, ஏசு கிட்டயும் மறைக்க முடியாது. பொண்டாட்டி கிட்ட மட்டும் மறைச்சு இன்னா தோஸ்த் சாதிக்கப் போறே?” என்று கிண்டல் செய்வார். ஆனால் வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஏழு வயசு. ஒரே பிள்ளை. காலையில் கஞ்சி குடித்தாள், கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தாள்.

“இன்னிக்கு போயே ஆவணுமாங்க?” என்று மனைவி கேட்டாள்.

“அங்க எத்தினி பிள்ளைங்க கெடக்குதுங்க. நம்மளுதுக்கு வெறும் காய்ச்சல்தானே” என்றேன். நான்தான் சொன்னேன், இதே வார்த்தை.

மேட்னி ஷோ. தியேட்டர் நிறைந்திருந்தது, பாதிக்குப் பாதி ஷூ கம்பெனி, தோல் பதனிடுகிற ஷாப் ஆட்கள். படம் ஆரம்பித்து கொஞ்ச நேரத்தில், எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தவன் பின்னந்தலையைப் பார்த்து எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் சபையில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தவன். அவன் சினிமாவுக்குப் போகிறான் என்று பாஸ்டரிடம் சொன்னதே நான்தான். என் பேச்சைக் கேட்டு, ஆறு மாசம் கித்தாரைத் தொடக் கூடாது என்று அவனை உட்கார வைத்திருந்தார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது செல்போன் இல்லை. தியேட்டருக்குள் இருக்கிற ஆளுக்கு அவசரச் சேதி என்றால், வாசலில் வந்து சொன்னால், கண்ணாடித் துண்டில் எழுதி ஸ்லைடு போடுவார்கள். படம் ஓடும்போதே திரையின் கீழே அந்த எழுத்து வரும். எங்கள் கம்பெனி பசங்கள் சும்மா விளையாட்டுக்கும் இப்படிப் போடச் சொல்லுவார்கள். எழுந்து போகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

படம் ஓடி அரை மணி நேரம் இருக்கும். திரையில் என் பேர் வந்தது. ஊர் பேர், உடனே வெளியே வரவும் என்று.

“யார்றா அது மாதனூரு? போடா, உம் பொண்டாட்டி தொடப்பத்தோட நிக்கறா” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். தியேட்டரே சிரித்தது. “எழுந்தா அந்த சீட்டு எனக்கு” என்றான் இன்னொருத்தன். எழுந்திருக்கிறவன் யார் என்று பார்க்க எல்லாரும் திரும்பினார்கள். கித்தார்காரனும் திரும்பினான். நானும் மற்றவர்களோடு சேர்ந்து பின்னால் திரும்பி, யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தேன்.

பசங்கள் வேலையாகத்தான் இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி அதே ஸ்லைடு வந்தது. விளையாட்டு என்றால் இரண்டு தடவை போட மாட்டார்களே. அப்போதும் கால் எழும்பவில்லை. இடைவேளை வரட்டும், கூட்டத்தோடு கூட்டமாய் எழுந்து போய்விடலாம், யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு திரையில் என்ன ஓடியது என்றே எனக்குத் தெரியாது.

இடைவேளை மணி அடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு வந்தேன். டிக்கெட் கிழிக்கிறவரிடம், யார் ஸ்லைடு போடச் சொன்னது என்று கேட்டேன்.

“நீதானா அது? ஒரு பாய் வந்து கெஞ்சினாரு. உம் பொண்ணுக்கு இழுப்பு வந்துடுச்சாம், காரு ரெடியா நிக்குதுன்னாரு. நீ வரலன்னதும் ஓடிட்டாரு. வேலூரு பெரிய ஆஸ்பத்திரிக்காம். உள்ள இருந்துகிட்டா வரல நீ?” என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பிற்பாடுதான் முழுசும் தெரிந்தது. நான் கிளம்பிப் போன பிறகு பிள்ளைக்குக் கை கால் வெட்டி இழுப்பு வந்து, அக்கம்பக்கத்தார் கார் வைத்து ஆம்பூர் டாக்டரிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊசி போட்டதில் இழுப்பு நின்று, கண் திறந்து பேசியிருக்கிறாள். உடனே வேலூர் கொண்டுபோகச் சொல்லி டாக்டர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த டாக்டர் வீடு பாய் வீட்டுத் தெருவில்தான். நான் வேலூரில் ஜெபத்தில் இருக்கிறேன், எப்படியாவது சேதி சொல்லுங்கள் என்று சத்தம் கேட்டு வந்த பாயிடம் என் மனைவி அழுதிருக்கிறாள். நான் எங்கே இருப்பேன் என்று அவருக்குத் தெரியாதா? டாக்டர் எழுதி முடிப்பதற்குள் தியேட்டருக்கு ஓடி வந்திருக்கிறார். முதல் ஸ்லைடுக்கு நான் எழுந்திருந்தால், அதே காரில் போயிருப்பேன். வேலூர் வரைக்கும் ஒரு மணி நேரம் பிள்ளை என் மடியில் வந்திருப்பாள்.

பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது பாய் ஆஸ்பத்திரி கேட்டிலேயே நின்றிருந்தார். அவர் மொபெட்டில் முன்னாலேயே வந்துவிட்டார். என் சட்டைப் பையில் கைவிட்டார். மெல்லிசான வெள்ளைச் சட்டை, உள்ளே பாதி டிக்கெட் ரோஸ் நிறத்தில் வெளியே தெரிந்திருக்கிறது. அதை எடுத்துக் கசக்கித் தூரப் போட்டார். உள்ளே அழைத்துப்போய் என் மனைவியிடம், “வார்டு வார்டா தேடி இப்பதான் கண்டுபுடிச்சேம்மா” என்றார்.

மூளைக்காய்ச்சல். வழியில் பள்ளிகொண்டா தாண்டும் வரைக்கும் பிள்ளை பேசிக்கொண்டுதான் வந்தாளாம். “அப்பா எங்கம்மா?” என்று கேட்டாளாம். உனக்காக ஜெபம் பண்ணிட்டிருக்கார் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். “முடிச்சிட்டு வந்துடுவாரா?” என்றாளாம். அதற்கு அப்புறம் பேச்சில்லை. இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கையைப் பிடித்திருந்தேன், காதருகே கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் முன்பின் ஆனதால் ஒன்றும் மாறியிருக்காது, நோய் அப்படி என்று டாக்டர் அம்மா எனக்குச் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். உயிர் பிழைத்திருக்க மாட்டாள், சரி. கேட்டபோது அப்பா பக்கத்தில் இருந்திருப்பேனே.

அடக்கத்தில் பாஸ்டர் பேசினார். அடுத்தவர் பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில் தன் பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்த தகப்பன் என்று என்னைக் காட்டிச் சொன்னார். ஜனங்கள் அழுதார்கள். கித்தார்காரனும் வந்திருந்தான். குழிக்கு மண் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துவிட்டுப் போனான். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி மனைவி, “உங்க ஜெபம்தாங்க அவள வலி தெரியாம கூட்டிட்டுப் போச்சு” என்றாள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவளுக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

ஒரு மாசம் கழித்து கம்பெனியில் பாயிடம், ஏன் உள்ளே வந்து என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று அழுதேன். வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “அத்தினி பேரு முன்னாடி உம் மானம் போயிடுமேன்னு பாத்தேன் தோஸ்த். தப்பு பண்ணிட்டேன்.” என் பாவத்தில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து டீ குடிக்கப் போவது நின்றுபோனது.

இப்போதும் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எங்கோ வாணியம்பாடி பக்கம் ஒரு கூட்டத்தில், எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் சொல்லிக் கேட்டேன். அதில் அந்தத் தகப்பன் வார்டில் முழங்காலில் இருக்கும்போது தரிசனமே காண்கிறான். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொன்னபோது என் வாயும் சொன்னது.

தினமும் ஜெபிக்கிறேன். ஆண்டவர் கேட்கிறார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் ஜெபிக்கக் கண்ணை மூடினால், கார் ஒன்று புறப்படாமல் நிற்கிறது.

படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். கடைசியில் அவன் மனசு லேசானது, சமாதானம் கிடைத்தது என்று ஒரு வரி சேர்க்காதீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை ஜனங்கள் என் பொய்யை அழகாக்கி, அதற்குள்ளிருந்து நான் வெளியே வரும் வழியை அடைத்துவிட்டார்கள். என் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன், என் பிள்ளை கேட்டபோது நான் அங்கே இல்லை. நடந்தது இவ்வளவுதான், இதில் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம்.