டாக்டரம்மா நினைவாக

தொண்ணூறுகளில் தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் கல்யாணமாகிறவர்களின் பெயர்களெல்லாம் என் கையால் எவர்சில்வரில் ஏறின. என் வாயிலிருந்து மட்டும் ஒரு சொல்லும் வராது. யாராவது "சாப்டியா?" என்று கேட்டால், நான் பதிலைத் தயார் செய்வதற்குள் கேட்டவரே சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்.

அந்த வாயைத் திறந்தது ஒரு விண்வெளிக் கப்பல். மயிலாப்பூரில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கேபிள் வந்திருந்தது. வாரம் ஒருமுறை இங்கிலீஷில் அந்தக் கப்பலின் கதை, தொடராக. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பாதி புரியும், மீதியை முகங்களைப் பார்த்து நிரப்பிக்கொள்வேன். மறுநாள் மதியம் கடை மாடியில், குண்டான் அடுக்குகளுக்கு நடுவே, கல்லாவில் உட்காரும் மாமியும் எடை போடுகிறவரும் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, நான் கதை சொல்லக் காத்திருப்பார்கள். என் குரல் எப்படி இருக்கும் என்று நானே தெரிந்துகொண்டது அங்கேதான்.

அந்தக் கப்பலில் சாவுக்கு இரண்டு வகுப்பு உண்டு. காவலுக்குப் போகும் சிப்பாய்கள் முதல் விளம்பரத்துக்கு முன்பே புகையாகிவிடுவார்கள். அடுத்த வாரம் யாரும் தேட மாட்டார்கள். முக்கியமானவர்கள் செத்தால் சங்கீதம் உண்டு, கேப்டன் கண் கலங்குவார். அங்கே எனக்கு வேலை கிடைத்திருந்தால் நான் எந்த வகுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஒரு வாரம் கப்பலின் டாக்டரம்மா சங்கீதத்தோடு செத்தாள். நோயாளிகளை வெளியே தள்ளிவிட்டு, நெருப்புக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சொன்ன விதத்தில் மாமி மோர்சாதத்தை மூடிவைத்துவிட்டார். எடைக்காரர் எழுந்துபோய், ஒடுக்கு விழுந்து விற்காமல் கிடந்த ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"வெட்டு நைனா. கோயிலுக்குக் குடுக்கிற சாமான்ல போடுவியே, அத்த மாதிரி."

'டாக்டரம்மா நினைவாக' என்று வெட்டினேன். ஓரத்தில் ஒரு பூவும் போட்டேன். அன்றிலிருந்து மாடித் தண்ணீர்ப் பானைக்கு அதுதான் டம்ளர்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா சிரித்தபடி கப்பலுக்குள் நடந்து வந்தாள். வேறோர் உலகத்தில் இருந்த இன்னொரு அவளாம். இதை எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தும் திக்கித் திணறித்தான் சொன்னேன்.

எடைக்காரர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா நைனா, காரியமே பண்ணிட்டோம், இப்ப வந்து நிக்குது. சம்பளம் ஏத்திக் கேட்டிருக்கும், தூக்கிட்டானுங்க. அது இல்லாம ஓடல, திருப்பி இட்னு வந்துட்டானுங்க."

"போறது, ஆயுசு கெட்டி," என்றார் மாமி.

அதன் பிறகு அந்தக் கப்பலில் சாவுக்கு மரியாதை போயிற்று. இன்ஜினியர் செத்தார், காலத்தைப் பின்னால் திருப்பி எழுப்பினார்கள். கேப்டனே செத்தார், அது கனவாம். நான் தழுதழுக்க ஆரம்பித்தாலே எடைக்காரர் அப்பளத்தைக் கடித்துக்கொண்டு, "எத்தினி வாரத்துக்கு?" என்பார்.

பிறகு டாக்டரம்மா மறுபடி செத்தாள். சின்ன ஓடம் ஒன்றில் தனியாக ஏறிப்போனாள், அது வெடித்தது. சங்கீதம்கூடக் குறைவு. இந்தத் தடவை நிஜம் என்று எனக்குப் பட்டது. சொன்னேன்.

"டம்ளர் ரெடியாத்தான கீது," என்றார் எடைக்காரர்.

ஆனால் அடுத்த வாரம் மாமி டப்பாவைத் திறந்ததும் கேட்டார்: "வந்துட்டாளா?"

"இல்ல மாமி."

"வருவா. அவாத்துல இதெல்லாம் சகஜம்."

வாராவாரம் கேட்டார். வாராவாரம் இல்லையென்று சொல்லி, அப்படியே கப்பல் கதைக்குள் நுழைந்துவிடுவேன். டாக்டரம்மா திரும்பி வர வேண்டுமென்று எனக்கும் ஆசைதான், ஆனால் அவசரமில்லை. அவள் வந்துவிட்டால் என்னிடம் கேட்பதற்கு வேறென்ன இருக்கிறது?

அப்போது கேபிள்காரர் அந்தச் சேனலை எடுத்துவிட்டுப் பாட்டுச் சேனல் போட்டார். அந்தச் செய்தியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என் தயிர்சாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அந்தச் சிப்பாய்களைப் போல எனக்கும் முதல் விளம்பரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எடைக்காரர் அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்தார். மாமி ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.

"சேனல் போனாப் போறது. இந்நேரம் அவ வந்திருப்பாளோன்னோ? எப்படி வந்திருப்பா?"

எடைக்காரரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த ஓடத்துல இன்னொரு கதவு இருந்துச்சு மாமி," என்றேன். அந்தக் கதவை அதுவரை நானே பார்த்ததில்லை.