ஒரே ஜாடையில் இரண்டு வார்த்தைகள்

ஜாப் டைப்பிஸ்டின் பிழைப்பு என்பது, ஊரார் குறைகளை இங்கிலீஷில் மூன்று காப்பி எடுத்துக் கொடுப்பது.

சுதந்திரம் வந்த புதிது. ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, பழைய டைப்ரைட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆனால் லீவு கேட்பதானாலும் வேலை கேட்பதானாலும் அவன் பாஷையில்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பாஷையில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒரு உரிச்சொல் இருந்தால் போதாதோ? இரண்டு வைத்திருப்பார்கள். பார்க்க ஒரே ஜாடை, அர்த்தம் மட்டும் வேறு வேறு. கிராமர் வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

புகைபோக்கி எங்கே?

வியாசர்பாடி முனுசாமி, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலைக்கு மனு போட வந்தார். "நல்லா ஒழைக்கிற ஆளுன்னு கண்டிப்பா போடு நைனா" என்றார். உழைப்பாளிக்கு 'இண்டஸ்ட்ரியஸ்'. தொழிற்சாலை சம்பந்தப்பட்டது என்றால் 'இண்டஸ்ட்ரியல்'. இது எனக்குத் தெரியும். என் விரல்களுக்குத்தான் அன்று தெரியவில்லை. 'நான் ஓர் இண்டஸ்ட்ரியல் மனிதன்' என்று அடித்திருந்ததைச் சாயங்காலம் கார்பன் காப்பியில் பார்த்தபோது, மனு தபாலில் போய்விட்டிருந்தது.

பத்து நாள் அவர் முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டிருந்தேன். பதினோராவது நாள் அவரே வந்தார், கையில் பூந்திப் பொட்டலத்தோடு. இன்னும் ஊருக்குப் போகாமலிருந்த வெள்ளைக்கார மானேஜர் துரை மனுவைப் படித்துவிட்டு, இவரை மேலும் கீழும் பார்த்து, "உன் புகைபோக்கி எங்கே?" என்று கேட்டாராம். குமாஸ்தா அதைத் தமிழில் சொன்னதும், பீடி பிடிக்கிற பழக்கத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அதை வுட்டு ஆறு மாசம் ஆவுது தொரே" என்றாராம் முனுசாமி. துரை விழுந்து விழுந்து சிரித்து, அப்புறம் ஒரு பழைய வால்வைக் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொல்லி, வேலையும் கொடுத்துவிட்டார். நான் என் தப்பை ஒப்புக்கொண்டேன். முனுசாமி பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"நீ செரியா அடிச்சிருந்தா அந்தத் தொரை என்னை நிமிந்துகூடப் பாத்திருக்க மாட்டான் நைனா."

கம்பீரமான வார்த்தை

சாத்தான்குளத்திலிருந்து வந்து பருப்பு மண்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவருக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்றார். வியாபாரிகள் சேர்ந்து வாழ்த்து மடல் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. 'தங்களுடைய அஃபீஷியல் சேவை' என்று நான் அடித்திருந்ததை அண்ணாச்சி விரலால் தட்டினார்.

"இது சப்புன்னு இருக்குவே. 'அஃபீஷியஸ்'னு ஒண்ணு இருக்குல்லா? அதப் போடும்."

"அண்ணாச்சி, அதுக்கு அர்த்தம் வேற. கேட்காத இடத்துல போய் அதிகாரம் பண்றவன், எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கிறவன்னு அர்த்தம்."

"அந்த அர்த்தம் வெள்ளக்காரனுக்கு. நமக்குச் சத்தம் நல்லா இருக்கணும்."

அச்சும் ஆகிவிட்டது. விழாவில் நான் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தேன். அண்ணாச்சி எழுந்து, அந்த ஒரு வார்த்தையை மட்டும் தனியாக அழுத்தி வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரியின் முகம் சிவந்தது. பக்கத்திலிருந்த அவர் மனைவி கான்வென்டில் படித்தவர். மடலை வாங்கி ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்காமலே எவ்வளவு சரியா எழுதியிருக்கீங்க!"

ஹெட்கிளார்க்கின் மெமோ

ஏகாம்பரம் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் மூட்டை தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். ஒருநாள் கயிறு அறுந்து நாலு மூட்டை கடலில் விழுந்துவிட்டது. கயிறு நைந்துபோயிருப்பதாக அவர் இரண்டு தடவை மேஸ்திரியிடம் சொல்லியிருந்தார். இருந்தும் மெமோ அவருக்குத்தான் வந்தது: ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது? வீட்டில் கர்ப்பிணி மனைவி. மெமோவை என் மேஜைமேல் வைத்தார்.

படித்தேன். மறுபடியும் படித்தேன். கவனக்குறைவுக்கு 'நெக்ளிஜென்ட்' என்று போட வேண்டிய இடத்தில் ஹெட்கிளார்க் 'நெக்ளிஜிபிள்' என்று போட்டிருந்தார். பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சின்னது என்று அர்த்தம். மூன்றே வரியில் பதில் அடித்தேன். கயிறு பற்றி முன்பே சொன்னது ஒரு வரி. 'என் குற்றம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று கம்பெனியே எழுத்து மூலம் தெரிவித்ததற்கு நன்றி' என்பது ஒரு வரி. 'நாளை முதல் வேலைக்கு வரக் காத்திருக்கிறேன்' என்பது ஒரு வரி.

மானேஜர் அறையில் டிக்ஷனரி திறக்கப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஏகாம்பரத்தின் வேலை நிலைத்தது, கயிறும் மாற்றினார்கள். அடுத்த வாரம் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் கடைக்கு வந்து, நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஹெட்கிளார்க்தான்.

"இனிமே எங்க மெமோவையும் நீரே அடிச்சுடும், அதுக்குப் பதில் எழுத வர்றவனை மட்டும் வேற கடைக்கு அனுப்பும்."

கன்னியம்மாவின் மனு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். புளியந்தோப்புக் கன்னியம்மாவின் புருஷன் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டம் சரிந்து இறந்துபோனார். நஷ்டஈட்டு மனு நான் அடித்ததுதான். 'டி'க்குப் பிறகு 'ஈ, சி' வந்தால் காலமானவர். 'ஐ, எஸ்' வந்தால் நோயாளி. நம் வாயில் இரண்டும் ஒரே 'டிசீஸ்டு'. நான் நோயாளி என்று அடித்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து நஷ்டஈட்டு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது: மேற்படி கணவர் டாக்டர் பரிசோதனைக்கு நேரில் ஆஜராக வேண்டும். கன்னியம்மா அதைக் கொண்டுவந்து என்னிடம்தான் நீட்டினாள். கடையைப் பூட்டிவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு டிராம் ஏறி ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தாவிடம் தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மனுவைத் திருத்திக் கொடுத்தேன். அவர் திட்டினார்; வாங்கிக்கொண்டேன். அந்த மாதமே உத்தரவு ஆகிவிட்டது.

ஆனால் அன்று ஆபீஸிலிருந்து திரும்பி வரும்போது டிராமில் கன்னியம்மா கேட்டாள், என்ன எழுத்து மாறிப்போச்சு என்று. மறைக்க மனசு வரவில்லை. ஒரு வார்த்தைக்குச் செத்துப்போனவர், இன்னொன்றுக்கு உடம்பு சரியில்லாதவர் என்று சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்போ மூணு மாசமா அந்தக் காயிதத்துல அவரு ஒடம்பு செரியில்லாமதான் கெடந்தாரா? முன்னமே சொல்லியிருந்தா நான் இந்தக் கடுதாசியை இன்னும் கொஞ்ச நாள் கழிச்சி கொண்டாந்திருப்பேனே சாமி."

தப்பே இல்லாமல் ஆயிரக்கணக்கில் மனுக்கள் அடித்துக் கொடுத்திருக்கிறேன், அவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட யாரும் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.