வெளிக்கோடு

அம்மா இறந்த பிறகும் மகள் அளவுகளைச் சத்தமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்களுடையது தையல் கடை. கடை என்றால் நீளவாக்கில் ஒரே அறை. முன்னால் தெருவைப் பார்த்த கதவு, ஆளுயரக் கண்ணாடி, அளவு கொடுப்பவர் ஏறி நிற்க ஒரு பலகை. பின்னால் சுவரைப் பார்த்தபடி வெட்டுகிற மேஜை, அதை ஒட்டி மிஷின். முன்பக்கம் மகளுக்கு, பின்பக்கம் அம்மாவுக்கு. வந்தவரைப் பலகையில் நிற்கவைத்து மகள் டேப்பைப் பிடிப்பாள். "தோள் பதினெட்டு" என்பாள். பின்னாலிருந்து அம்மா, திரும்பிப் பார்க்காமல், "ம்" என்பாள். "மார்பு நாற்பது." கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ம்." எதையும் எழுதிவைப்பது கிடையாது. ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு அம்மாவின் தலையில் இருந்தது. என்கிட்ட எவனும் ரகசியம் வெச்சுக்க முடியாது என்று அதில் ஒரு பெருமை வேறு.

இப்போது "ம்" இல்லை. மகள் எண்ணைச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் கொஞ்சம் பொறுத்து, அடுத்ததை அளந்தாள். வந்தவர்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. தெரியாதது போலக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

இரங்கல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் தங்கமான மனுஷி என்றார்கள். அம்மா அப்படியெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வைத்த செடி பட்டுப்போனால் உள்ளூர மகிழ்வாள். தன்மேல் தப்பு இருந்தால் மன்னிப்புக் கேட்கமாட்டாள். எதிராளிக்குப் பிடித்த ஏதாவது பேச்சை எடுத்துவிடுவாள், அவ்வளவுதான். சண்டை என்றால் ஆகாது. நல்ல குணத்தால் அல்ல, சோம்பலால். ஒரு வாய் வார்த்தைக்குச் செலவாகும் மூச்சில் ஒரு சட்டைக் கை தைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவள். இறந்தவரை ஆளுக்கொரு வாய் புகழ்ந்து கடைசியில் யாரென்றே தெரியாத ஒருவராக ஆக்கிவிடுகிறோம். தங்கமான அந்த மனுஷியை மகளுக்குத் தெரியாது. அவள் தேடியது பக்கத்து வீட்டுச் செடியைப் பார்த்துச் சிரித்தவளை.

மகள் கடைக்கு வந்த கதை சுருக்கமானது. கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று அம்மா கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. யாராவது அருகில் வந்தால் ஓரடி பின்னால் போய்விடுவாள். கடையின் கோடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே, முகத்தைக் காட்டாமல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அம்மா தன் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டாள்.

"கிட்டப் பார்வை போயிடுச்சுடி. டேப்புல நம்பரே தெரியல. இனிமே நீ அள."

அன்று சாயங்காலமே அம்மா ஊசியில் நூலை ஒரே குத்தில் கோத்தாள். மகள் அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"இதுக்குக் கண்ணு எதுக்கு? கை பார்த்துக்கும்" என்றாள் அம்மா.

அப்படித்தான் மகள் முன்பக்கம் வந்தாள். போகப்போக அவள் கைக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. அந்தப் பொண்ணு அளந்தா அளந்ததுதான், ஒரு நூல் பிசகாது என்று சொல்லிக்கொண்டு அடுத்த தெருக்களிலிருந்தும் வந்தார்கள். அம்மா அவளை டேப்பு என்றே கூப்பிட ஆரம்பித்தாள். மத்தியானம் கதவைப் பாதி சாத்திவிட்டு மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடைக்கு வெளியிலதான் நான் அம்மா, உள்ள நாம கூட்டாளி என்பாள் அம்மா. காலையில் வந்துபோனவர்கள் எல்லோரும் அப்போது ஒருமுறை மறுபடி வந்துபோவார்கள். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுத்த வங்கி மேலாளரைப் பற்றி மகள் சொன்னால், அவர் மூச்சு விட்டதும் பட்டன் தெறிக்கும், எதிர்ல நிக்காதீங்கன்னு ஒரு போர்டு மாட்டணும் என்பாள் அம்மா. மகளுக்குப் புரையேறும். அவளுக்குத் தோழி என்று வேறு யாரும் இருந்ததில்லை. தேவையும் பட்டதில்லை.

அம்மா போன சில நாட்களில், ஒருவர் தன் இரண்டு காலும் ஒரே நீளம்தானா என்று தீவிரமாகச் சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி அளக்கச் சொன்னார். மகள் சிரிப்பை அடக்கி, மத்தியானத்துக்கு என்று பத்திரமாக வைத்துக்கொண்டாள். மத்தியானம் வந்தது. கதவைப் பாதி சாத்திவிட்டு டப்பாவைத் திறந்தாள். அப்புறம்தான் நினைவு வந்தது.

துணிகள் திரும்பி வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மேஜையும் மிஷினும் இப்போது அவள் பொறுப்பு. வெட்டவும் தைக்கவும் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் சட்டை இறுக்கிப் பிடித்தது, பாவாடை ஏறவில்லை, கால்சட்டை உட்கார விடவில்லை. கொண்டுவந்தவர்கள் யாரும் கோபப்படவில்லை. அம்மா போன துக்கம், கை தடுமாறுது, பாவம் என்றார்கள். அவளும் அப்படியே நம்பினாள். நம்புவதில் ஒரு சுகம்கூட இருந்தது. அம்மாவோடு தன் கையும் போய்விட்டது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. துக்கம் தன்னைப் பற்றி எப்போதும் உயர்வாகவே நினைத்துக்கொள்ளும்.

அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அம்மா இளவயதில் வேலை செய்த சீருடைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள். அங்கே காலர் மட்டும் தைத்துக்கொண்டிருக்கலாம். யாரையும் அளக்க வேண்டாம், யாரோடும் பேச வேண்டாம். கையில் இருப்பது பஸ் டிரைவரின் கோட்டு. அடுத்த வாரம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பணிமனையில் எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொள்ள அந்தக் கோட்டு. இதுவும் திரும்பி வந்தால் கடையை மூடிவிடுவது என்று வைத்திருந்தாள்.

திரும்பி வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டே வந்தார் டிரைவர்.

"கோட்டு நல்லாத்தாம்மா இருக்கு. நான் மூச்சு விடாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலக் கைகளை நீட்டிக் காட்டினார். முதுகில் தையல் நெறிந்தது. "எத்தனை வருஷமா பஸ்ஸுல ஜனங்களை அடைச்சேன். அதுக்குத்தான் இப்ப என்னை இதுல அடைச்சுட்டீங்க போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உடனே குரலை இறக்கி, துக்கம் ஆறினால் கை தானாகச் சரியாகிவிடும் என்றார். போன வருஷம் இதே கடையில் தைத்த கோட்டையும் பையிலிருந்து எடுத்து வைத்தார். பிரிச்சு விட முடிஞ்சா பாருங்க, இல்லன்னா நான் பழசையே போட்டுக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பழைய கோட்டை மேஜைமேல் விரித்து, அதன்மேல் புதியதை வைத்தாள். மார்பில் ஒவ்வொரு பக்கமும் பழையது ஒரு விரல் வெளியே தெரிந்தது. முதுகிலும் அப்படியே. டிரைவர் பெருத்துவிடவில்லை, அவருடைய அளவு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மார்பு நாற்பத்தொன்று. போன வருஷம் சொன்ன அதே எண்களைத்தான் இந்த வருஷமும் சொன்னாள். எண் மாறவில்லை. ஆள் மாறவில்லை. கோட்டு மட்டும் மாறியிருந்தது.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு துணிக்கட்டு இருந்தது. ஒரு நர்சுக்கு அம்மா வெட்டி, மிஷினில் ஏற்றுமுன் கையால் ஓட்டுத்தையல் போட்டுவைத்த வெள்ளைக் கோட்டு. அம்மாவின் கடைசி வேலை. இதுவரை அதை அவள் தொடவில்லை. இறக்கிப் பிரித்தாள். துணியில் நீலச் சாக்பீஸால் இரண்டு கோடுகள். அம்மா எப்போதும் இரண்டு கோடு போடுவாள். உள்கோடு அளவு, வெளிக்கோடு தையலுக்கு விடும் துணி என்றுதான் மகள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். தானும் அப்படியே போட்டு, உள்கோட்டின்மேல் தைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் ஓட்டுத்தையல் உள்கோட்டின்மேல் ஓடவில்லை. வெளிக்கோட்டின்மேல் ஓடியது. தையலுக்கு விட்ட துணி அதற்கும் அப்பால் இருந்தது.

அவள் அந்த வெள்ளைக் கோட்டோடு அப்படியே பக்கத்துக் கடைக்குப் போனாள். இஸ்திரிக்காரர் அம்மாவுக்குத் தம்பி முறை மாதிரி. தினம் ஒருதரம் வம்புக்கு இழுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் பொழுது போகாது. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கோடுகளையும் பார்த்தார். பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தையல் எனக்கென்னம்மா தெரியும். ஒருதரம் அக்கா சொல்லிச்சு. என் பொண்ணு டேப்பைப் பிடிக்கலடா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அளக்கறா. எப்படா கையை எடுக்கலாம்னு வெடுக்குனு இழுத்துடறா, அளவு இறுகிடுதுன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நானும் அதான் கேட்டேன்." அவர் சட்டையொன்றை உதறி விரித்தார். "சொன்னா மறுபடி மூட்டைக்குள்ள போய் உக்காந்துக்குவா, ரெண்டாவது கோடு போட எனக்கு என்ன வலிக்குதுன்னு கேட்டுச்சு."

கடைக்குத் திரும்பியபோது அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அம்மா என்றால் மறைக்கலாம், கூட்டாளி மறைக்கலாமா? ஒரு நூல் பிசகாத கை என்று ஊர் சொன்னதையெல்லாம் அம்மா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். எண்ணைச் சொன்னதும் "ம்" வர ஏன் அந்தக் கொஞ்ச நேரம் ஆனது என்று இப்போது புரிந்தது. அந்த நேரத்தில் அம்மா அவளுடைய பயத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறாள். அது அன்பா, அல்லது ஒரு வாக்குவாதத்தை மிச்சம் பிடித்த சோம்பலா? இரண்டும்தான் என்று தோன்றியது. அம்மாவிடம் அவை என்றைக்குத் தனித்தனியாக இருந்தன? நெடுநாளைக்குப் பிறகு, தங்கமில்லாத அந்த மனுஷி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல இருந்தது.

அவள் கைக்கு எதுவும் ஆகிவிடவில்லை. எப்போதும் அது இப்படித்தான் இருந்தது. இதை ஏற்பதுதான் துக்கத்தைவிடக் கடினமாக இருந்தது.

தொழிற்சாலைக்குப் போனால் வெளிக்கோடு வேண்டியதில்லை. மாறாக, இங்கேயே இருந்து ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விரல் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம்; அம்மா செய்ததைத் தானே செய்துகொள்வது. இரண்டையும் மேஜையருகே நின்றபடி யோசித்துப் பார்த்தாள். பிறகு டிரைவருக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். கோட்டைப் பிரித்துவிட உள்ளே துணி போதாது, வேறு துணி வாங்கியாகிவிட்டது, இன்னொரு தடவை அளவு கொடுக்க வேண்டும் என்று.

அவர் வந்து பலகையில் ஏறினார். அவள் டேப்பை அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்தாள். அவளுடைய தோள்கள் தாமாகவே பின்னால் போயின. அவற்றை முன்னால் கொண்டுவந்தாள். டேப்புக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டாள். டீசலும் சோப்பும் கலந்த வாசனை. அவர் மூச்சு உள்ளே போகும்வரை இருந்தாள், வெளியே வரும்வரை இருந்தாள். தானும் ஒரு மூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் எண்ணைப் பார்த்தாள்.

"மார்பு நாற்பத்திநாலு" என்றாள் சத்தமாக.

பின்னால் மேஜை, அதற்கப்பால் சுவர். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். மற்றவர்கள் செய்ததுபோலத் தெரியாத மாதிரி இருக்க அவருக்கு வரவில்லை.

"யாருக்கும்மா சொல்றீங்க?"

"எனக்குத்தாண்ணே."

அவர் போன பிறகு துணியை விரித்து, சாக்பீஸால் ஒரே ஒரு கோடு போட்டாள். கத்தரியை எடுத்தவள் நின்றாள். மறுபடியும் இழுத்துவிட்டிருந்தால்? தன் தப்புக்கு வெளியே நின்று இன்னொரு கோடு போட இனி ஆள் கிடையாது. அந்த அறை அவளுக்கு அன்றுதான் காலியானது. வெகுநேரம் நின்று, பின் தையலுக்கு வேண்டிய துணியை மட்டும் விட்டு வெட்டினாள்.

டிரைவர் கோட்டை மாட்டிக்கொண்டு கைகளை நீட்டினார். இல்லாத ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தார், வலது பக்கம் ஒடித்தார். தையல் பேசாமல் இருந்தது. பார்த்தீங்களா, கை சரியாயிடுச்சு என்றார். அவள் மறுத்துச் சொல்லவில்லை. தொழிற்சாலைக்கு அவள் போகவுமில்லை.

அடுத்து நர்சின் வெள்ளைக் கோட்டை மிஷினில் வைத்தாள். அதை மட்டும் அம்மா போட்ட வெளிக்கோட்டின்மேலேயே, ஓட்டுத்தையலைப் பிடித்துக்கொண்டு தைத்தாள். மிஷின் தையல் விழுந்த பிறகு ஓட்டுத்தையலுக்கு வேலை இல்லை, உருவிவிட வேண்டும். நுனியைப் பிடித்து இழுத்தாள். அம்மாவின் நூல் ஒரே வரியாகச் சுலபமாக வந்தது. உள்ளங்கையில் சுருண்டு கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மா எங்கே போட்டிருப்பாளோ அங்கே, காலடியில் இருந்த கழிவுத்துணிக் கூடையில் போட்டுவிட்டு, கதவைப் பாதி சாத்தப் போனாள்.