பனி ரயிலில் அம்மா

கல்லூரிப் படிப்புக்கென்று அக்காவுக்கு வாங்கிய லேப்டாப்பில் படிப்பைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த மே மாதம் முழுக்க, செம்பூர் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தபடி நாங்கள் இருவரும் பனியில் போய்க்கொண்டிருந்தோம்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு போரை வைத்துச் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு அது. யாருடைய சண்டையிலோ மாட்டிக்கொண்ட சிப்பாய்கள், முன்பின் தெரியாத தேசத்தின் குறுக்கே ரயிலிலேயே ஊர் திரும்ப வேண்டும். கரி போடாவிட்டால் வண்டி நிற்கும். நின்றால் குளிர் கொல்லும். செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். ஏற்கெனவே நான்கு பேரைப் பறிகொடுத்திருந்தோம்.

ஐந்தாவதாக, என்னுடையவர் என்று நான் சொல்லிக்கொண்ட தாடிக்காரச் சிப்பாய் போகவிருந்தார். இன்ஜினில் கரி அள்ளிப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால் அக்கா அவரை அங்கிருந்து நகர்த்தியதே இல்லை. வேலை தெரிந்தவன் தலையில்தானே எல்லா வேலையும் வந்து விழும். அவர் பெயருக்குப் பக்கத்தில் தெம்பைக் காட்டும் கோடு சிவந்துவிட்டது. எடுத்தால் வண்டி தளரும், விட்டால் ஆள் போய்விடுவார் என்று அக்கா கையைப் பிசைந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஆபீஸிலிருந்து வந்த அம்மா, தோள்பையை இறக்காமலே விவரம் கேட்டாள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றாள். பெட்டியில் சும்மா இருக்கிறார்கள், அவர்களுக்குக் கரி வேலை தெரியாது, அதிகாரி அதையெல்லாம் தொடமாட்டார் என்றாள் அக்கா. போரைக் கேட்டு அசராத அம்மா இதைக் கேட்டு அசந்துபோனாள். பதினைந்து வருடமாக மின்சார ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஆபீஸ் போய்வருகிறவள் அல்லவா.

“நெருள்ல ஏறி உக்காந்து வர்றவ செம்பூர் வந்ததும் எந்திரிச்சு எனக்கு இடம் விட்டுருவா. வடாலா வரைக்கும் நான், அப்புறம் இன்னொருத்தி. யாரும் கேக்கவே வேண்டாம். இவனுங்களுக்கு இதுகூடவா தெரியாது?”

முறை போட்டுக் கொடுத்தாள். அதிகாரிக்கும் ஒரு முறை. வண்டி ஆமையாகிவிடும் என்று அக்கா மல்லுக்கு நின்றாள்.

“மெதுவாப் போகட்டும்டி. வீடு எங்க ஓடிப்போகப் போகுது?”

வண்டி ஊர்ந்தது. தாடிக்காரர் கணப்புக்குப் பக்கத்தில் படுத்தார். சிவந்த கோடு மஞ்சளாகி, பிறகு பச்சையானது. அதிகாரியும் தட்டுத்தடுமாறிக் கரி போடக் கற்றுக்கொண்டார். ஸ்டேஷன் மேல் ஸ்டேஷனாகக் கடந்தோம், ஒருவரும் சாகவில்லை. நான் திரையை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்தேன். கழுத்தில் ஆபீஸ் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு படையையே காப்பாற்றியவள் நம் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கடிகாரத்தைப் பார்த்த அம்மா சமையலறைக்குள் போனாள். சற்று நேரத்தில் வந்த அப்பாவிடம் நான் அந்த முறையை ஆதியோடு அந்தமாக விளக்கினேன். ரொம்ப நியாயம், உலகத்துக்கே இது தெரிய வேண்டும் என்று அப்பா காலை நீட்டிக்கொண்டு தலையாட்டினார். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், பசிக்கிறது என்று அக்கா உள்ளே குரல் கொடுத்தாள். விடியற்காலையில் அதே அடுப்பில் எங்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு செய்துவைத்துவிட்டுப் போனவளும் அவள்தான். அவளை மாற்றிவிட மூன்று பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அது எனக்கு அன்று தோன்றவே இல்லை.