மாத்தயாவின் கால் அளவு

எனக்குச் சைக்கிள் தேவைப்பட்டது அத்தானின் காரிலிருந்து இறங்குவதற்கு. உடம்புக்கு நல்லது, பெற்றோல் மிச்சம், காற்று சுத்தம் என்று மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கணக்காளர். ஆறடி உயரம். வெள்ளவத்தையில் அவர்களுடைய பிளாட்டில் எனக்கும் ஓர் அறை. அவருக்குக் கோட்டையில் கந்தோர், எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பெயின்ற் கடையில் வேலை. காலையில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கோட்டையில் இறக்கிவிடுவார். அங்கிருந்து நான் பஸ் பிடிப்பேன். இந்த உபகாரத்துக்கு அவர் என்னிடம் ஒரு சதம் கேட்டதில்லை. காதை மட்டும் கேட்டார்.

வெள்ளவத்தைச் சந்தை தாண்டும்போது தொடங்கும். "நீ அண்டைக்கு ஓ லெவலாவது எடுத்திருந்தியெண்டால்" என்பது முதல் வசனம். பம்பலப்பிட்டியில் என்னுடைய எதிர்காலம் வரும். கொள்ளுப்பிட்டியில் கனடாவில் இருக்கிற அவருடைய தம்பி வருவார், வீட்டோடும் இரண்டு வாகனங்களோடும். மழை நாளில் ரோடு அசையாது. அப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிற மற்றத் தம்பியையும் பார்த்துவிட்டுத்தான் கோட்டைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தை நான் ஒன்பதாம் வகுப்பில் விட்டேன். அத்தான் அதை இன்னும் விடவில்லை.

ஓர் இரவு சாப்பாட்டில் வைத்துச் சொன்னேன்.

"அக்கா, நான் ஒரு சைக்கிள் வாங்கி வேலைக்குப் போகலாமெண்டு பார்க்கிறன்."

"விசரே உனக்கு? பஸ்காரன் அடிச்சுப்போட்டுப் போவான். பிறகு ஆர் பார்க்கிறது?"

அக்கா பஸ்ஸோடு நிறுத்திவிட்டாள். நான் அதற்கு முந்தைய கிழமையே கொள்கலன் லொறி, மூடி திறந்த கழிவுநீர்க் காண், திடீரென்று திறக்கிற கார்க் கதவு, காலிமுகத்திடலின் பக்கவாட்டுக் காற்று எல்லாவற்றிலும் செத்து முடித்திருந்தேன். அதனால்தான் ஒரேயொரு நிபந்தனை வைத்திருந்தேன். சீட்டில் இருந்தபடி நின்றால் இரண்டு பாதமும் தரையில் படவேண்டும். அப்படி ஒரு சைக்கிள் கிடைத்தால் மற்றப் பயங்களைச் சமாளித்துக்கொள்வேன்.

அத்தான் சாப்பாட்டுக் கையோடு யோசித்தார். கணக்காளர் யோசித்தால் வீடு அமைதியாக இருக்கவேண்டும்.

"எடுக்கிறதெண்டால் டூரிங் சைக்கிள் எடு," என்றார். "உலகம் சுத்துறவன் எல்லாம் அதிலதான் சுத்துறான்."

"நான் கொட்டாஞ்சேனைக்குத்தான் போறன் அத்தான்."

"அதுதான் உன்ர பிரச்சினை. நீ எப்பவும் கொட்டாஞ்சேனை அளவுக்குத்தான் யோசிப்பாய்."

அன்றிலிருந்து சைக்கிள் அவருடையதாகிவிட்டது. தாடி வைத்த ஒரு ஜெர்மன்காரன் பாலைவனத்தில் சைக்கிள் ஓடுகிற வீடியோக்களைக் கிழமைக்கணக்காகப் பார்த்தார். காரில் பாடம் மாறியது. முன்பு என் வாழ்க்கை எப்படிக் கெட்டது என்று கேட்டுக்கொண்டு போனேன், இப்போது இரும்புச் சட்டம் ஏன் அலுமினியத்தை விட நல்லது என்று கேட்டுக்கொண்டு போனேன். முந்தியது எவ்வளவோ மேல். அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

கடைக்கும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். தெஹிவளைப் பக்கம், குளிரூட்டி போட்ட கடை. உள்ளே தோலோடு ஒட்டிய உடுப்புப் போட்ட இரண்டு பேர் ஒரு சைக்கிளை மாறி மாறி ஒரு விரலால் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். சைக்கிளில் நாங்கள் ஏறிப் போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள் போல.

கடைக்காரர் சிங்களவர், மரியாதையான மனிதர். அந்த மரியாதையில்தான் வினை வந்தது. அத்தான் முன்னால் நின்றார், மடிப்புக் குலையாத சேர்ட், கையில் கார்ச் சாவி. நான் பின்னால் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ஒருமுறை இருவரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

"மாத்தயாட்டத?" என்று கேட்டார். ஐயாவுக்கா என்று அர்த்தம்.

"ஓவ், ஓவ்," என்றார் அத்தான்.

ஓவ் என்றால் ஓம், அதாவது ஆமாம். அத்தானின் சிங்களத்தில் முக்கால்வாசியும் அந்த ஒரு சொல்தான். விளங்காத இடத்தில் இரண்டு தரம் சொல்லுவார். பொலிஸ்காரன் மறித்தாலும் ஓவ் ஓவ், தண்ணீர் பில்காரன் வந்தாலும் ஓவ் ஓவ். நானோ பெயின்ற் கடையில் நாள் முழுக்கச் சிங்களத்தில் நிறம் கலந்து விற்கிறவன். அந்த இடத்தில் நான் சொல்லவேண்டியிருந்தது ஒரு சொல். மட்ட. சிங்களத்தில் மட்ட என்றால் எனக்கு. தமிழில் மட்டம் என்றால் தரக்குறைவு. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்து, எந்த மொழியில் வெளியே வருவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. சொன்னால் கடைக்காரருக்கு முன்னால் அத்தான் குறுகிப்போவார். குறுகிப்போன அத்தானோடு அதே காரில்தான் திரும்பவேண்டும். குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அத்தானைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிற்க வைத்தார்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே தள்ளி, அது நின்ற இடத்திலிருந்து தரை வரைக்கும் நாடா பிடித்தார்கள். கை நீளம் எடுத்தார்கள். தோளகலம் எடுத்தார்கள். எவ்வளவு தூரம் ஓடுவீர்கள் என்று கேட்டார்கள். "டெய்லி, கொட்டாஞ்சேனை," என்றார் அத்தான், புத்தகத்தை இடுக்கிக்கொண்டே. என்னுடைய வேலைக்கு அவர் அவ்வளவு அக்கறையாகப் போனதை அன்றுதான் கண்டேன்.

"அத்தான், அளவு எனக்கெல்லோ எடுக்கவேணும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொறு. நான் முதல்ல எப்பிடி எடுக்கிறாங்களெண்டு பார்க்கிறன்."

பார்த்து முடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காசைக் கட்டியது மட்டும் நான்.

சைக்கிள் சில நாளில் பொருத்தி வந்தது. அழகான சைக்கிள்தான், பொய் சொல்லக்கூடாது. கரும்பச்சை நிறம், ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில், முன்னும் பின்னும் கரியர். ஒட்டகத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு போகலாம். தொடர்மாடியின் கார்த் தரிப்பிடத்தில் ஏறிப் பார்த்தேன். கால் பெருவிரல்கூடத் தரையில் படவில்லை. சீட்டை இறக்கக்கூடிய மட்டும் இறக்கியும் சட்டம் உயரமாகவே இருந்தது. ஸ்டாண்டும் இல்லை.

"முட்டக்கூடாது," என்றார் அத்தான். "டூரிங் எண்டால் அப்பிடித்தான். ஜெர்மன்காரன்ர காலும் முட்டுறேல்ல."

ஜெர்மன்காரனுக்குப் பாலைவனத்தில் சிக்னல் இருக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை மரைன் டிரைவில் இறங்கினேன். ஓடும்போது ஒன்றும் இல்லை. நிற்கத்தான் முடியவில்லை. நடைபாதையின் விளிம்புக் கல் எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே மட்டும்தான் காலை ஊன்றலாம். அதனால் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளிம்பைப் பார்த்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். இன்னோரிடத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எனக்கு இடம் விட்டார்கள், மரியாதையாலா பயத்தாலா என்று தெரியாது. கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விழுந்தபோது பக்கத்தில் கல்லும் இல்லை, கம்பமும் இல்லை. ஓர் ஓட்டோவின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டோக்காரர் தலையை வெளியே போட்டார்.

"தம்பி, இப்பிடியே பிடிச்சிட்டு வாறெண்டா சொல்லுங்க, மீட்டரப் போடுறேன்."

"ஏற்கனவே ஓடுதுதானே," என்றார் பின்னால் இருந்த அம்மா. "பாதியை அவர்ட்ட எடுங்கோ."

மூன்றாம் நாள் திரும்பவும் அத்தானின் காரில் இருந்தேன். இப்போது பாடத்தில் புதிய அத்தியாயம். தொடங்கிய எதையும் நான் முடிப்பதில்லையாம். ஒன்பதாம் வகுப்பும் சைக்கிளும் ஒரே கதைதானாம். பக்கக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். இந்தச் சீட்டிலேயே கிழவனாகிவிடுவேன் என்று ஒரு பயம் வந்தது. அதற்கு முன்னால் கொள்கலன் லொறி ஒன்றுமில்லை.

பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனேன். சின்னதொன்று மாற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் சைக்கிளை உடனே அடையாளம் கண்டார், என்னைக் காண்பதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இது அந்த உயரமான மாத்தயாவுக்கு அளவெடுத்ததல்லவா, என்று சிங்களத்தில் கேட்டார். அவர் வராமல் எப்படி மாற்றுவது? நீர் அவருடைய டிரைவர்தானே?

காசு கட்டிய டிரைவரை அவர் வேறெங்கும் கண்டிருக்கமாட்டார். ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. குடை பிடித்தது நான்தானே. அத்தானிடமிருந்து தப்புவதற்கும் அத்தானையே கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று விளங்கியது.

காரில் வைத்துச் சொன்னேன். "அத்தான், சைக்கிளில ஒரு பிழை இருக்காம். நீங்கள் வந்தால்தான் கதைக்கலாமாம்." பிழை எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தான் வந்தால்தான் முடியும் என்ற செய்தி அவருக்குப் போதும்.

அந்தச் சனிக்கிழமை போனோம். குடையை நான் காரிலேயே வைத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் சின்னச் சட்டமுள்ள சைக்கிளொன்றை உருட்டிக்கொண்டு வந்து, வழக்கம்போல அத்தானைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மே எக்க காட்டத?" இது யாருக்கு?

அத்தான் வாயைத் திறந்தார். ஓவ் வருவதற்கு முன்னால் நான் முன்னுக்கு வந்து நின்றேன்.

"மட்ட," என்றேன்.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சைக்கிள் தூக்குகிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், ஓடுவது நான், கால் இவ்வளவுதான், நின்றால் தரையில் படவேண்டும் என்று. கடைக்காரர் அத்தானின் காலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படியென்றால் அன்றைக்கு இந்த மாத்தயா எதற்கய்யா புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நின்றார் என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அத்தான்.

"உங்கட கால் நல்ல நீளமாம் அத்தான்."

"ஓவ், ஓவ்," என்றார் அத்தான் கடைக்காரரிடம், சந்தோசமாக.

என்னைச் சுவரோடு நிற்க வைத்தார்கள். அந்தப் புத்தகத்தை நானும் இடுக்கினேன். ஹாண்டிலை உயர்த்தி எனக்குக் கிட்டே கொண்டுவந்தார்கள். ஸ்டாண்ட் கேட்டேன். டூரிங் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுவதில்லை என்றார் கடைக்காரர். போடுங்கள் என்றேன். இரண்டு பாதமும் முழுதாகப் படும்வரைக்கும் சீட்டை இறக்கச் சொன்னேன். இவ்வளவு இறக்கினால் முழங்கால் நோகும் என்று எச்சரித்தார். முழங்கால்தானே என்றேன். இவ்வளவு நாளும் எனக்குக் காது நொந்தது அவருக்குத் தெரியாது.

வீட்டில் அத்தான் அக்காவிடம் சொன்னது: "நான் போய்க் கதைச்சபடியால்தான் மாத்தித் தந்தவங்கள்." கேட்கிறவர்களுக்கு இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்.

முழங்கால் நோகத்தான் செய்கிறது. பஸ்காரர்களும் மாறவில்லை. ஒவ்வொரு காலையும் வெளிக்கிடும்போது கொள்கலன் லொறி என்னைத் தேடித்தான் துறைமுகத்திலிருந்து வருகிறது என்று தோன்றும். போன கிழமை கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விழுந்தது. நின்றேன். இரண்டு செருப்பும் தார் ரோட்டில் பதிந்திருந்தன. பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அத்தான். குளிரூட்டி போட்டிருந்ததால் கண்ணாடி மூடியிருந்தது. என்னைக் கண்டதும் அவருடைய வாய் அசையத் தொடங்கியது. கை சீட்டைக் காட்டியது, மேலே மேலே என்றது, பிறகு ஒரு விரல் நெற்றியைத் தொட்டது. கனடாவுக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒன்றும் கேட்கவில்லை. பச்சை விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.