முந்நூறு அடியில் நான் கலக்கிய மட்

1. நின்றுபோன ஹேமர்

காங்கேயம் பக்கம் என் தங்கை பூங்கொடியின் தென்னந்தோப்பில் போர் போட்டுக்கொண்டிருந்த வண்டி முந்நூறு அடியில் நின்றுபோனது. நிற்க வைத்தவன் நான். இருபத்திரண்டு வருடமாக எண்ணெய்க் கிணறுகளில் மட் இன்ஜினியராக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டுத் தாராளமாகச் சிரிக்கலாம்.

எங்கள் வேலை இதுதான். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பெண்டோனைட் களிமண், கனம் கூட்டப் பேரைட் தூள், சில கெமிக்கல் எல்லாம் கலந்த குழம்பை ராடு வழியாக உள்ளே விடுவோம். அதற்குப் பெயர் மட். ராடு நுனியில் இருக்கும் பிட் உடைத்த கல்தூளை அது மேலே கொண்டுவரும். மட் கனமாகிவிட்டால் தூளை அடியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிட் அரைத்ததையே அரைக்கும், வேகம் படுத்துவிடும். லேசாக்கினால் வேகம் வரும், கூடவே எண்ணெயும் கேஸும் நம் தலைமேல் பொங்கி வரும். இரண்டுக்கும் நடுவில் பார்த்துக் கலக்குவதுதான் என் பிழைப்பு.

2. லீவில் வந்த நிபுணர்

பூங்கொடி தோப்பில் ஏற்கெனவே இரண்டு போர் போட்டு, தண்ணீர் இல்லாமல் வெறும் புகைதான் வந்திருந்தது. மரங்களில் குரும்பை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மூன்றாவதும் போனால் மரங்களை வெட்டுவதைத் தவிர வழியில்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். லீவில் இருந்த நான், துடியலூரில் பவுண்டரி வைத்திருக்கும் நண்பனிடம் வார்ப்பு மண்ணில் கலக்கும் பெண்டோனைட் இரண்டு மூட்டை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை. பெருமை காட்டத்தான்.

ஊர் போர் வண்டியில் மட் கிடையாது. கம்ப்ரஸர் காற்றில் ஹேமர் குத்தும், தூள் காற்றோடு மேலே வரும். இருநூற்றெண்பது அடியில் ஈரக்களி வந்தது, வேகம் குறைந்தது. வண்டி ஓட்டும் குமரேசன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"களி ஒட்டுதுங்க சார். சோப்பு நொரை உட்டாப் போதுமுங்க."

"சோப்பா? இதென்ன துணி துவைக்கற வேலையா? விஸ்காஸிட்டி ஏத்தணும், கெட்டியாக்கணும் குமரேசன். பெண்டோனைட் போடுவோம்."

"சரிங்க."

"தண்ணி டிரம்முல ரெண்டு மூட்டையும் கொட்டிரலாமா?"

"ரெண்டுமுங்களா? சரிங்க."

கட்டித் தயிர் பதத்துக்குக் கலக்கினேன். மட்டின் கெட்டியை அளக்க நான் கொண்டுபோன மார்ஷ் பனல் என்ற புனலில் ஊற்றி எத்தனை நொடியில் வடிகிறது என்று வாட்ச் பார்த்தேன். வடியவே இல்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை மட்டும், "செக்குல எண்ணெய் புடிக்க நல்லா இருக்குமுங்க மச்சான், இந்தப் பனலு" என்றார்.

உள்ளே விட்டோம். முந்நூறு அடி வரை முக்கி முனகிப் போன ஹேமர் சத்தத்தை நிறுத்தியது. களி போதாதென்று என் களியும் சேர்ந்து ராடைச் சுற்றி அப்பிக்கொண்டது. ராடு சுற்றவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை.

பூங்கொடி என்னைத் திட்டவில்லை. "காப்பி குடிக்கறீங்களாண்ணா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. நான் அவமானத்தில் குறுகிப்போனேன்.

3. எலுமிச்சை வாசம்

"இப்ப என்ன பண்ணலாம் குமரேசன்?" என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"ஊட்டுல சோப்புன்னு இருக்கறதெல்லாம் கொண்டாங்க அக்கா."

பூங்கொடி ஓடினாள். சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் லிக்விட், ஒரு சரம் ஷாம்பு பாக்கெட், எல்லாம் வந்தது. டிரம்மைக் கழுவி, நல்ல தண்ணீரில் கரைத்து, காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார் குமரேசன். ராடை அரை அடி தூக்கினார், இறக்கினார். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழியிலிருந்து ஒரு ஏப்பம் கேட்டது.

நுரை புஸ்ஸென்று கிளம்பியது. என் பெண்டோனைட்டைச் சுமந்துகொண்டு இடுப்பளவு எழும்பி, என் வெள்ளை வேட்டியை மூடி, கட்டியிருந்த மயிலைக் காளையின் முகம்வரை போனது. காளை தும்மியது. தோப்பெல்லாம் எலுமிச்சை வாசம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் வந்து, "ஏனுங்க, போர் போடறீங்களா, ஊரையே குளிப்பாட்டறீங்களா?" என்றார்.

ஹேமர் மறுபடி குத்த ஆரம்பித்தது. முந்நூற்று நாற்பதில் நுரையைக் கிழித்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியது. பூங்கொடி நுரைக்குள் நின்று அழுதாள். எனக்கும் கண் எரிந்தது, பாதி ஷாம்புவால்.

குமரேசனைத் தனியாகப் பிடித்தேன். "தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அக்காவோட அண்ணன், படிச்சவரு. மூஞ்சிக்கு நேரா எப்படிங்க தப்புன்னு சொல்லிப்போடறது? அதானுங்க 'ரெண்டுமுங்களா'ன்னு கேட்டேன்."

எங்கள் ஊர் மரியாதையில் அதைவிடப் பலமாக யாரும் தடுக்க முடியாது. எனக்குத்தான் காது கேட்கவில்லை. இத்தனை வருடமும், மேலே வரத் துடிப்பதை வராமல் அமுக்கி வைக்கத்தான் நான் மட் கலக்கியிருக்கிறேன். என் தங்கையோ, வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றாள். இந்தக் குழியிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.