இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்

மார்ச் பிறந்ததும் பியூலா தன் தையல் யூனிட்டின் ஜன்னல்களுக்கெல்லாம் தடித்த திரை போட்டுவிடுவாள். கேட்டால் வெயிலுக்கு என்பாள். வெயிலே படாத வடக்கு ஜன்னலுக்குத் திரை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவர் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று தெரு முழுக்கத் தெரியும்.

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. அத்தனை பிள்ளைகளும் ஜூன் மாதம் புதுச் சீருடையில் போய் நிற்க வேண்டும். அந்தச் சீருடைகளைத் தைக்கிற சிறு யூனிட்டுகள் சமாதானபுரம் பக்கம் சில தெருக்களில் இருக்கின்றன. ஒருவர் எந்தப் பள்ளிக்குத் தைக்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதைப் பியூலா அளவுக்குக் கடைப்பிடித்தவர் யாரும் இல்லை. வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணியை அவள் குப்பையில்கூடப் போட மாட்டாள். துணியில் உள்ள கட்டத்தின் நிறத்தைப் பார்த்தே பள்ளியைக் கண்டுபிடித்துவிடுவார்களே. சாக்கில் திணித்து ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

"நம்ம வீட்டுல துண்டுத்துணிதான் குடியிருக்கு. நாம ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்கோம்" என்பார் அவள் கணவர் இஸ்ரவேல். பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் எந்தப் பள்ளி ஆர்டர் என்று அவள் சொல்வதில்லை.

சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுக்கும் மெஷின் அவளிடம் கிடையாது. மேலப்பாளையத்து அகமது மீரான்தான் இந்தப் பக்கத்து யூனிட்டுகள் எல்லாவற்றுக்கும் காஜா எடுத்துக் கொடுப்பவர். அவருக்கு அனுப்பும்போதும் சட்டைகளை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பித்தான் கட்டி அனுப்புவாள், சட்டைப்பையில் உள்ள பள்ளி முத்திரை தெரியக் கூடாதாம். காஜா எடுக்க வேண்டுமானால் அந்த மனிதர் சட்டையைத் திருப்பித்தானே ஆக வேண்டும்? அதை யாராலும் அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அவள் தொழில் பழகியது டவுனில், குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் தையல் கடையில். கல்யாணத்துக்குப் பிறகு அங்கிருந்து விலகி இரண்டு மெஷின் போட்டபோது, தன்னால் தைத்து முடிக்க முடியாத ஆர்டர்களை அண்ணாச்சிதான் அவளிடம் தள்ளிவிட்டார். அப்படித்தான் இரண்டு மெஷின் பன்னிரண்டானது. பியூலா அதை அண்ணாச்சியின் நல்ல மனசு என்று சொல்லி ஜெபத்தில்கூட நினைப்பாள். ஆனால் அவளிடம் இரண்டு வருடம் வேலை பார்த்த சித்ரலேகா விலகிப் போய் எதிர்ச்சாரியில் ஆறு மெஷின் போட்டபோது, "என் கைத்தொழிலைத் திருடிட்டுப் போயிட்டா" என்றாள். அதே வருடம் பியூலாவின் பழைய பள்ளி ஒன்று சித்ரலேகாவிடம் போய்விட்டது. போதாதா? அன்றிலிருந்து எதிர்ச்சாரியில் ஒரு ஆட்டோ நின்றாலும் எந்தப் பள்ளித் துணி இறங்குகிறது என்று பியூலா கணக்குப் போடுவாள்.

பள்ளி திறந்து ஜூலையும் வந்துவிட்டால் மெஷின்கள் ஓய்ந்துபோகும். தைக்கிற பெண்களுக்கு வேலை இருக்காது. வருடா வருடம் இரண்டு பேராவது திருப்பூருக்கு பஸ் ஏறுவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை. இந்த வருடம் அவளுக்கு ஆறுமுகத்தாயை நினைத்துத்தான் பயம். மாஞ்சோலையில் எஸ்டேட் வேலை போய், குடும்பத்தோடு மலையிறங்கி வந்தவள். மலையில் இருந்தபோது தேயிலை பறித்த நேரம் போக ரவிக்கை தைத்துப் பழகியவள்தான், ஆனாலும் சட்டைக் காலர் வைப்பதில் அவளை அடிக்க யூனிட்டில் ஆளில்லை. பள்ளிக்காரர்கள் முதலில் பார்ப்பது காலரைத்தான். அவள் போய்விட்டால் அடுத்த சீசனுக்கு எந்தப் பள்ளியிடம் எந்த முகத்தோடு போவது?

"ஆடி முடியுற வரைக்கும் பாக்கேன்க்கா. அதுக்கு மேலயும் வேல வரலைன்னா நான் எங்கனயாவது போய்த்தான் ஆகணும். வீட்டு வாடகைய யாரு குடுக்கது?" என்று ஆறுமுகத்தாய் சொல்லிவிட்டாள்.

அந்த ஆடியில்தான் சிவகணேஷ் வந்தார். பக்கத்தில் கங்கைகொண்டானில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பொருள் வாங்கும் பிரிவில் அதிகாரி. தொழிலாளர்களின் சட்டை, பேண்ட், மேலங்கி எல்லாவற்றையும் இதுவரை வெளியூரில் தைத்து வாங்குகிறார்கள், இனி உள்ளூரிலேயே தைத்தால் என்ன என்று யோசிக்கிறார்கள். கிடைத்தால் வருடம் முழுக்க வேலை. பியூலா அவசரமாக மாதிரிச் சட்டைகளை எடுத்துக் காட்டினாள். அவர் காலரை விரலால் நீவிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றார். மூலையில் மெஷினில் இருந்த ஆறுமுகத்தாய் தலையை நிமிர்த்தாமலே சிரித்தாள்.

பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார். "இந்த ஏரியாவுல உங்களை மாதிரி வேற யார் யார் தைக்கிறாங்க மேடம்?"

பியூலா உஷாரானாள். எதற்குக் கேட்கிறார்? விலையை ஒப்பிட்டுப் பார்க்கவா? வரும்போது கார் எதிர்ச்சாரியில்தானே நின்றது, சித்ரலேகா அனுப்பி நம்மை வேவு பார்க்க வந்தவரோ? ஒரு பெயரைச் சொன்னால் ஆர்டர் அங்கே போய்விடும். ஒரு நொடியில் இத்தனையும் யோசித்தாள்.

"இந்தத் தெருவில நான் ஒருத்திதான் சார். மத்ததெல்லாம் ஜாக்கெட் தைக்கிற இடம்."

"காஜா எங்க எடுக்கிறீங்க?"

"இங்கனயேதான் சார். மெஷின் சர்வீசுக்குப் போயிருக்கு."

"ஒருவேளை உங்க ஆளுங்க லீவு போட்டுட்டா, மெஷின் நின்னுட்டா, யார்கிட்ட கொடுத்து முடிப்பீங்க?"

"அந்தப் பேச்சே எங்கள்ட்ட கிடையாது சார்."

எதிர்ச்சாரியில் ஆறு மெஷின்கள் ஓடும் சத்தம் திரையைத் தாண்டி உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தத் திரையைச் சற்று நேரம் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறேன் என்று கிளம்பினார்.

சொல்லி அனுப்பவில்லை. பியூலா போன் போட்டபோதெல்லாம் மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். அப்புறம் எடுப்பதையே விட்டுவிட்டார். பியூலாவுக்குச் சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று. திரையின் இடுக்கில் கண்ணை வைத்து எதிர்ச்சாரியைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் அங்கே ஒரு லோடு ஆட்டோவில் கருநீலத் துணிக்கட்டுகள் வந்து இறங்கின. கருநீலம் எந்தப் பள்ளிக்கும் இந்த மாதத்தில் வராது, கங்கைகொண்டான் துணியேதான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். சித்ரலேகா யூனிட் போட்ட நாளிலிருந்து அவள் அந்தப் படி ஏறியதில்லை.

வெட்டு மேசையில் நின்ற சித்ரலேகா அவளைப் பார்த்துத் திகைத்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "வாங்கக்கா, உக்காருங்க."

"கங்கைகொண்டான் ஆர்டர எவ்வளவு கொறச்சுக் கேட்டு வாங்குன?"

"இதா? இது நர்சிங் காலேஜ் துணிக்கா" என்றாள் சித்ரலேகா. மறைக்கவே இல்லை, காலேஜின் பெயரையும் சொன்னாள். "கங்கைகொண்டான் எனக்கும் கெடைக்கல. அந்த சார் மொதல்ல இங்கனதான் வந்தாரு. ஒரு ஆளால இவ்வளவும் தைக்க முடியாது சார், நாங்க நாலஞ்சு யூனிட்டு இருக்கோம், காலருன்னா எதுத்தாப்புல உள்ள அக்காதான், காஜாவுக்கு மேலப்பாளையம் மீரான் பாய்னு சொன்னேன். அவரும் அதத்தான் தேடி வந்தேன்னாரு. ஒருத்தருக்கு முடியலைன்னா அடுத்தவங்க தச்சுக் குடுக்கணுமாம், ஒரே ஆள நம்பிக் குடுத்தா நடுவுல மாட்டிக்கிடுவோம்னாரு. ஒங்கள்ட்டயும் பேசிட்டு வாரேன்னு போனாரு."

பியூலா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"திரும்பி வந்து, ஒரே தெருவுல ரெண்டு கத சொல்லுதீங்களேன்னாரு. நாங்கள்லாம் ஜாக்கெட் தைக்கிற இடமாமே? பொறவு மீரான் பாயப் போய்ப் பாத்திருக்காரு. அந்த அக்காவுக்கும் நாந்தான் காஜா எடுக்கேன்னு பாய் உள்ளதச் சொல்லிட்டாரு. திருப்பூர்ல ஒரு தெருவுக்குப் போனா நூறு பேரு இருக்காங்க, எங்களுக்கு எதுக்கு இந்தத் தலவலின்னு சார் சொல்லிட்டுப் போயிட்டாரு."

எதிரில் இருப்பவள் சொல்வது உண்மை என்று பியூலாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"மீரான் எதுக்கு அவர்ட்ட போயி அதச் சொன்னாரு?"

சித்ரலேகா கத்தரியை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள்.

ஆடி முடிந்தது. ஆறுமுகத்தாய் சொன்னபடியே திருப்பூருக்குப் போனாள். பஸ் ஏற்றிவிடப் போன பியூலா, சீசனுக்குத் திரும்பி வந்துவிடு என்று நாலு தடவை சொன்னாள். ஆறுமுகத்தாய் நாலு தடவையும் தலையை ஆட்டினாள்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பியூலா கோயிலில் ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தபோது ஆறுமுகத்தாயிடமிருந்து போன் வந்தது.

"நல்லாருக்கீங்களாக்கா? ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. இங்கன இப்போ எந்தக் கம்பெனிக்குத் தைக்கோம் தெரியுமா? நம்ம கங்கைகொண்டானுக்குத்தான். காலர் பூரா நாந்தான் வைக்கேன். வருசம் முழுக்க வேல இருக்குமாம், எம் மகளையும் கூட்டிட்டு வந்துரலாம்னு இருக்கேன்."

பியூலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லாயிரு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். தன் யூனிட்டிலிருந்து பஸ் ஏறிப் போனவள் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து இந்த ஊருக்கே தைத்து அனுப்புகிறாள். யார் மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தாள், ஒரு பெயரும் அகப்படவில்லை. அவமானமாக இருந்தது. இஸ்ரவேல் என்ன விஷயம் என்று கேட்டார். முதல் தடவையாக எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னாள். அவர் கிண்டல் பண்ணவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் தெருவைத் தாண்டி சித்ரலேகாவிடம் போனாள்.

"அடுத்த வருசம் அந்த சாரப் போயி நாம எல்லாரும் சேர்ந்து பாப்போமா? நீ பேசு, நான் கூட நிக்கேன். ஆளு பத்தலைன்னா என் யூனிட்டுப் பிள்ளைகள்ல ரெண்டு பேர ஒன் மெஷின்ல உக்கார வச்சுக்கோ."

சித்ரலேகா வெட்டுவதை நிறுத்தினாள். பியூலாவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"எதுக்குக்கா திடீர்னு கேக்குதீங்க? யாரு சொல்லி அனுப்புனா?"

யாரும் சொல்லி அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றாள் பியூலா. சித்ரலேகா அதை நம்பவில்லை.